மந்துவி மரமும் நீலக்கிளியும்

உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலச் சதுப்பு நிலமான பாந்தனாலின் பெரும்பகுதி பிரேசிலில் இருக்கிறது. ஜூலை பிறந்தால் வெள்ளம் வடிந்து விலங்குகள் ஆற்றங்கரைகளில் கூடும், பயணிகளும் கூடுவார்கள். பயணப் பக்கங்களில் எப்போதும் ஜாகுவார், ஜாகுவார் மட்டுமே. போக்கோனே ஊரில் கிளம்பும் டிரான்ஸ்பாந்தனேரா மண்சாலை, நூற்றுக்கு மேற்பட்ட பாலங்களைத் தாண்டி, போர்ட்டோ ஜோஃப்ரேயில் ஆற்றோடு முடிகிறது. அங்கே ஒரு படகோட்டி ஜாகுவாரைக் கண்டு வாக்கி டாக்கியில் சொன்னால் போதும், படகுகள் வந்து மொய்த்துவிடும். அது காணவேண்டிய விலங்குதான். அதற்காக வழிநெடுக இருப்பதை ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டுப் போவது பெரிய இழப்பு.

வழியில் இருப்பது மந்துவி மரம். அலகு முதல் வால் வரை ஒரு மீட்டர் நீளமுள்ள நீலப் பஞ்சவர்ணக்கிளிக்கு வீடு இதுதான். பாந்தனாலில் அதன் கூடுகளில் பத்தில் ஒன்பது இம்மரத்தில்தான். மென்மரம் என்பதால், மரங்கொத்தி குடைந்த துளையையோ கிளை முறிந்த இடத்தையோ கிளி கொத்திப் பெரிதாக்கிக்கொள்கிறது. உள்ளே மரத்தூள் மெத்தையில் பெரும்பாலும் இரண்டு முட்டைகள்; பல கூடுகளில் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். இவ்வளவு பெரிய பறவைக்கு இடங்கொடுக்கும் பொந்து விழ மரத்துக்கு அறுபது வயதாவது ஆகவேண்டும். இன்று நட்ட கன்று இன்றைய கிளிக்கு உதவாது.

மந்துவி விதைகளைப் பெருமளவில் பரப்புவது டோக்கோ டூக்கான். கிளியின் முட்டைகளை அதிகம் தின்பதும் அதே பறவைதான். எதிரியை விரட்டினால் வீடே இல்லாமல் போகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் காடும் காட்டியதில்லை.

கூண்டுப்பறவை வணிகத்தால் அருகிப்போன இக்கிளிக்காக, நெய்வா கெதெஸ் என்ற உயிரியலாளர் 1990இல் ஆய்வைத் தொடங்கினார். அவருடைய குழு மரமேறிப் பொந்துகளைச் செப்பனிட்டது, மரப்பெட்டிக் கூடுகளையும் மாட்டியது. பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்து மந்துவியை வெட்டாமல் விட்டார்கள். அவர்களுடைய மாடுகளுக்கும் இதில் பங்குண்டு: அவை தின்ற அக்கூரிப் பனம்பழத்தின் சதை செரித்துவிட, வெளியேறும் கொட்டைகளைக் கிளிகள் தரையில் பொறுக்கி உடைக்கின்றன.

2020இல் பாந்தனாலின் கால் பங்குக்கு மேல் தீயில் கருகியபோது இந்தப் பனைகளும் முதுமரங்களும் எரிந்தன. தப்பிய மரங்களில் கூடுகட்டும் காலம் ஜூலையில்தான் தொடங்குகிறது. ஜாகுவாருக்காகப் போகிறவர்கள் இதைப் பார்க்க வேறு பருவத்தில் இன்னொரு முறை போகவேண்டியதில்லை.