மடிக்கணினியோடு இணைப்பும் வேண்டும்
கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்ற தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால், கல்லூரி வளாகங்களின் இணைய, கணினிச் சேவையைச் சீராக்காமல் இத்திட்டம் முழுமை பெறாது. சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகை, 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிக்கான பதிவு என எல்லாமே இன்று இணையவழியில்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும், செல்பேசி சிக்னல் சரிவர எட்டாத கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து இறங்கிவரும் பழங்குடி மாணவிக்கும் நம்பகமான இணைப்புக்குக் கல்லூரியை விட்டால் வேறிடம் அரிது. அங்கேயும் இணைப்பு அறுந்தால் அந்த மாணவி எங்கே போவார்? 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை வடம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தின் தடத்தில் அரசுக் கல்லூரிகளையும் சேர்ப்பது பெருஞ்செலவுக் காரியமன்று. வடம் மட்டும் வந்தால் போதாது. பழுது பார்க்க ஆள் வேண்டும். பாடம் நடத்தும் கணினித் துறை ஆசிரியரையே வைஃபை சரிசெய்ய அனுப்புவது இரு பணிகளையும் கெடுக்கிறது. ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் தனித் தொழில்நுட்பப் பணியாளரும் பராமரிப்பு நிதியும் தேவை. அடுத்த கல்வியாண்டுக்குள், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்தே, உயர்கல்வித் துறை இதைத் தொடங்க வேண்டும்.