தொப்பூரில் நியூட்ரல்

பெங்களூர்த் தமிழர்கள் பண்டிகைக்கு ஊர் போகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். அலுவலகம் முடிந்து, சாப்பிட்டு, குழந்தைகளைப் பின் சீட்டில் தூங்கவைத்து, இரவு பத்து மணிக்குக் காரை எடுப்பார்கள். ஒசூர் நெரிசலைத் தாண்டி, கிருஷ்ணகிரியில் டீ குடித்து, தர்மபுரியைக் கடக்கும்போது மணி ஒன்றாகிவிடும். கண் சொருகும் அந்த நேரத்தில்தான் தொப்பூர் கணவாய் வருகிறது.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் அசட்டையாக ஓட்டுவதில்லை. பயமே தூக்கத்தைக் கலைத்துவிடும். தொப்பூரோ மலைப்பாதை போலவே தெரியாது. அகலமான நான்கு வழிச் சாலை, சேலம் நோக்கி நீளும் இறக்கம். இங்கே 2020 டிசம்பர் 12 அன்று வரிசையாக நின்ற வாகனங்கள் மீது ஒரு லாரி மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தருகே மேலும் 4 பேர். இரண்டுமே பகல் வெளிச்சத்தில் நடந்தவை.

சில லாரி ஓட்டுநர்கள் டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். (அகராதிப்படி இதை 'நடுநிலை' என்று மொழிபெயர்க்கலாம். எச்சரிக்கைப் பலகையில் அப்படி எழுதினால் ஒருவருக்கும் புரியாது.) கியரில் இருந்தால் வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் மீது விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிப்பதில்லை. இதில் மிச்சமும் இல்லை என்பதுதான் வேதனை. இன்றைய மின்னணு இன்ஜின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. டீசலை அளந்து கொடுத்துக் கணக்குக் கேட்கும் முதலாளிகளுக்கு இதை யார் சொல்வது?

ஏறும் கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். காருக்கும் அது பொருந்தும். இறக்கத்தில் இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது. பின்கண்ணாடியை அடிக்கடி பார்க்க வேண்டும். தூக்கம் வந்தால் பாட்டும் திறந்த ஜன்னலும் உதவாது. காபி வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகும். தர்மபுரிக்கு முன்பே ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவது மேல்.

நாங்கள் இப்போதெல்லாம் இரவு தூங்கிவிட்டுக் காலை ஐந்து மணிக்குத்தான் கிளம்புகிறோம். தொப்பூரில் பின்னால் லாரி நெருங்கினால் ஒதுங்கி வழிவிடுகிறோம். அது கியரில் வருகிறதா, நியூட்ரலில் வருகிறதா என்று முன்னால் போகிறவருக்குத் தெரிய வழியில்லை.