காந்த மையமும் தெற்கு வாசலும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு அக்கா மகன் வந்திருந்தான். சிதம்பரத்தில் படிக்கிறான். விடுதியில் அம்பேத்கர் வாசகர் வட்டம் நடத்துகிற பையன். கைப்பேசியை நீட்டி, 'மாமா, இதைப் பாருங்க' என்றான். பத்து நிமிஷப் படம். முதல் பாதி எகிப்து. பிரமிடை மனுசன் கட்டியிருக்கவே முடியாதாம். வேற்றுக்கிரகத்தான் கட்டினானாம், இல்லேன்னா பத்தாயிரம் வருசத்துக்கு முன்னே கடலில் மூழ்கிப்போன ஏதோ ஒரு மேலான இனம் கட்டிச்சாம். அடுத்த பாதி நம்ம சிதம்பரம். நடராசர் கால் பெருவிரல் பூமியின் காந்த மையத்தின்மேல் இருக்கிறதாம். கூரை ஓடு 21,600, அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சாம். அது கோயிலே இல்லையாம், விஞ்ஞானக் கூடமாம்.

'நம்ம ஊரு கோயிலு மாமா. வெள்ளைக்காரனுக்கே இப்பதான் புரிஞ்சிருக்கு' என்றான். அவன் முகத்தில் பெருமை. அந்தப் பெருமைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

'சரிடா. இந்தப் படத்துல கல்லு சுமந்தவன் எங்க இருக்கான்?' என்று கேட்டேன். மறுபடி ஓட்டிப் பார்த்தான். 'இல்ல மாமா' என்றான்.

தோழர்களே, நான் கவிதை எழுதுகிறவன்தான். ஆனால் சோறு போடுவது வங்கிக் குமாஸ்தா வேலை. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் நகராத இடம் அது. அந்தப் புத்தியோடுதான் இந்தக் கதைகளையும் பார்க்கிறேன். எகிப்திலிருந்தே ஆரம்பிப்போம்.

1968-இல் எரிக் வான் டேனிகன் கடவுளரெல்லாம் விண்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று புத்தகம் எழுதினார். 1995-இல் கிரகாம் ஹான்காக் மறைந்துபோன ஒரு பழைய நாகரிகத்தின் கைரேகை என்று எழுதினார். இரண்டும் உலகம் முழுக்க விற்றன. இவர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் கீசாவில் மண்ணைத் தோண்டியவர்களும் இருந்தார்கள். 1990-இல் பிரமிடுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர் கல்லறைகள் கிடைத்தன. எலும்புகளில் தேய்ந்த முதுகு, முறிந்து கூடிய கை கால். அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுமனைகளும் கிடைத்தன. 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே என்ற பிரெஞ்சு அறிஞர் குழு பாப்பிரஸ் தாள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை அவை. அதில் என்ன இருந்தது? மந்திரமா? நட்சத்திர ரகசியமா? கணக்கு! மெரெர் என்கிற ஒரு மேஸ்திரி, கிட்டத்தட்ட நாற்பது ஆளை வைத்துக்கொண்டு, தூரா கல்குவாரியிலிருந்து கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த தினக்குறிப்பு. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. இன்றைக்கு எங்கே படுத்தோம், எத்தனை ரொட்டி வந்தது... கூபு மன்னனின் பெரிய பிரமிடுக்கான வேலை அது, நாலாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தையது. அதைப் பற்றிப் படித்தபோது ஒரு சக குமாஸ்தாவைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இத்தனை வவுச்சர் கிடைத்த பிறகும் வேற்றுக்கிரகத்தான் கதை ஏன் சாகவில்லை? ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குப் போனால் விடை பச்சையாகத் தெரியும். ஜிம்பாப்வே நாட்டுக்குப் பெயர் கொடுத்ததே 'பெரும் ஜிம்பாப்வே' என்ற கல்கோட்டைதான். வெள்ளையர் வந்து பார்த்தார்கள். கறுப்பர்கள் கட்டியதாக அவர்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஃபினீசியர் கட்டினார்கள், சேபா நாட்டு ராணி கட்டினாள் என்றார்கள். 1905-இல் ராண்டல் மெக்ஐவர் என்பவரும் 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற பெண் அறிஞரும் தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கர் கட்டியதுதான் என்று எழுதினார்கள். ஆனாலும் வெள்ளை ரொடீசிய அரசு விடவில்லை. அரசின் தொல்லியல் அதிகாரியாக இருந்த பீட்டர் கார்லேக் உண்மையைச் சொல்ல முடியாத நெருக்கடியில் 1970-இல் அந்த நாட்டைவிட்டே வெளியேறினார். கோட்டையைக் கட்டியவன் கறுப்பன் என்று ஒப்புக்கொண்டால் நாடும் அவனுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே! எப்போது கட்டப்பட்டது, எதற்குக் கட்டப்பட்டது என்ற கேள்விக்குள்ளே யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

இனி நம்ம சிதம்பரம். காந்த மையத்தை எடுத்துக்கொள்வோம். காந்த நடுக்கோடு என்பது காந்த முள் மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கிற கோடு. அது பூமியைச் சுற்றி ஓடுகிறது. சுற்றி ஓடுகிற கோட்டுக்கு மையம் ஏது? போகட்டும், அந்தக் கோடாவது சிதம்பரம் வழியாகப் போகிறதா? இந்தியாவின் முதல் ராக்கெட்டை 1963 நவம்பர் 21-இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து விட்டார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போவதால்தான். அதற்காக அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் வீட்டையும் மாதா கோயிலையும் விட்டுக் கிளம்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தும்பா சிதம்பரத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் தெற்கே இருக்கிறது. போதாததுக்கு அந்தக் கோடு நிற்கிற கோடும் இல்லை, வருசத்துக்கு வருசம் நகர்கிற கோடு.

பஞ்சபூதத் தலங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவாம். சிதம்பரம், காஞ்சி, காளத்தி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் வருவது நிஜம். ஆனால் பூதம் ஐந்தாச்சே? திருவண்ணாமலை அறுபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளி இருக்கிறது. திருவானைக்கா நூறு கிலோமீட்டர் தள்ளி. ஐந்தில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை மறைப்பதற்கு எங்கள் வங்கியில் வேறு பெயர் உண்டு. 21,600 மூச்சு? நிமிஷத்துக்குப் பதினைந்து என்று வைத்து 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் வருகிற கணக்கு. மனுசன் பன்னிரண்டும் விடுவான், இருபதும் விடுவான். கல் சுமந்து ஏறுகிறவன் அதற்கு மேலும் விடுவான். ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்து நடராசர் சிலையையும் காட்டுவார்கள். அது 2004-இல் இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது. விஞ்ஞானி தேடிக் கண்டுபிடித்து நட்டுவைத்ததல்ல.

வயசு? 7-ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள், ஆக அப்போதே கோயில் இருந்தது. பராந்தக சோழன் பொன் வேய்ந்தான். இன்று நிற்கிற கட்டுமானத்தில் பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் காலம் வரைக்கும் வருகிறது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. எண்ணூறு வருசக் கல்வேலை சாதாரணமா? அந்தப் பக்கம் வண்டல் மண். குழி தோண்டினால் தண்ணீர்தான் வரும், பாறை வராது. அத்தனை கல்லும் எங்கிருந்தோ வந்தது. இழுத்தது மாடும் மனுசனும். காந்தப் புலம் இழுக்கவில்லை.

நந்தனுக்கு வருவோம். சேக்கிழார் என்ன சொல்கிறார்? ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தவர், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். தோல் உள்ளே போச்சு, நரம்பு உள்ளே போச்சு, ஆள் மட்டும் போக முடியவில்லை. கடைசியில் தெற்கு மதில் வாசலுக்கு முன்னால் தீ வளர்த்து, அதில் புகுந்து 'முனிவர்' ஆன பிறகுதான் உள்ளே. இதை எதிரி எழுதவில்லை, பக்தி இலக்கியமே எழுதி வைத்திருக்கிறது. 2010 ஜூலையில் நந்தன் நுழைந்த தெற்கு வாசலை அடைத்த சுவரை அகற்றக் கேட்டு தீண்டாமை ஒழிப்பு முன்னணி சிதம்பரத்தில் போராடியது. காந்த மையத்தைப் பேசுகிற படம் எதிலும் இந்த வாசல் வராது. கோயிலை விஞ்ஞானக் கூடம் ஆக்கிவிட்டால் 'யாரை உள்ளே விட்டாய், யாரைக் கொளுத்தினாய்' என்று யாரும் கேட்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் தீண்டாமை இருக்குமா என்ன?

தஞ்சைப் பெரிய கோயில் சுவரையும் படிக்கலாம். கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்த நிலத்துக்கு வரி இல்லை என்று ராசராசன் கல்வெட்டில் பட்டியல் போட்டிருக்கிறான். குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாளர் சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய பேரேடு. சுடுகாட்டோடு சேர்த்து நம்மைப் பதிந்து வைத்திருக்கிறது. ஒரு குமாஸ்தா பதிந்ததை இன்னொரு குமாஸ்தா படிக்கிறேன். இதைவிடப் பெரிய ரகசியம் எந்தக் கோயிலில் இருக்கிறது?

இதுவரை சொன்னதற்கு நம்ம தோழர்கள் கை தட்டுவார்கள். இனிச் சொல்வதற்குக் கோபப்படலாம். பட்டால் படட்டும்.

நம்மிடமும் இந்த வியாதி இருக்கிறது. பிரமிடு கட்டியவனே தமிழன் என்கிறார்கள். இருபதாயிரம் வருசக் குமரிக்கண்டம் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டமொன்றில் ஒரு தோழர் பாடலீசுவரர் கோயில் அப்படியே சமணப் பள்ளிதான், மேலே பூசியிருக்கிறான் என்று அடித்துப் பேசினார். ஆதாரம் கேட்டால் 'நீ யார் பக்கம்?' என்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசன் என்று எழுதினார். வரலாறு முழுக்க அவர்கள் கையில் இருந்தபோது, அது பொய்யாக இருக்கலாம் என்று சந்தேகப்பட நமக்குக் கற்றுக்கொடுத்த எதிர்க்கதையாடல் அது. அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் எதிர்க்கதையாடல் வேறு, வவுச்சர் வேறு. அவன் காந்த மையம் என்று அளந்தால், நான் அதைவிடப் பெரிசாக அளப்பேன் என்று போனால் ஆட்டம் அவனுடையதாகிவிடும். அளப்பதில் அவனுக்கு மூவாயிரம் வருசப் பழக்கம்.

நம் ஊருக்கு அளக்க வேண்டிய தேவையே இல்லை. லோகவிபாகம் என்ற சமண நூல் சர்வநந்தி என்பவரால் பாடலிகை என்ற ஊரில் சக ஆண்டு 380-இல் எழுதப்பட்டது என்று பின்னால் வந்த வடமொழி நூல் பதிந்திருக்கிறது. அதாவது கி.பி. 458, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு. அந்தப் பாடலிகை நம்ம திருப்பாதிரிப்புலியூர்தான் என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள். சுழியத்தையும் சேர்த்து இடமதிப்பு முறையில் எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார்கள். தினம் நான் பேரேட்டில் போடுகிற சுழியம்! கெடிலக் கரையில் பள்ளி வைத்துப் படித்தவர்களின் கணக்கு அது. அந்தப் பள்ளி என்ன ஆச்சு? பல்லவ மன்னன் பாடலியில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழாரே பெருமையாகச் சொல்கிறார். ஐந்நூறு வருசம் கழித்து எழுதியவர், ஒரு பக்கத்துச் சாட்சி. அந்த அளவுக்கே எடுத்துக்கொள்வோம். ஆனால் இடித்த பக்கமே கொடுத்த வாக்குமூலம் அல்லவா? அவர் சொல்வதும் கல் திருவதிகைக்குப் போனதாகத்தான். கூட்டத்தில் பேசிய தோழர் இதைப் படித்திருந்தால் கத்த வேண்டியிருக்காது.

என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். பஸ்ஸில் போகும்போது ஒரு கல்யாண மண்டபம் வந்தால் சன்னல் வழியாகக் கை நீட்டி, 'அந்த ரெண்டாவது மாடிக்குக் கலவை தூக்குனது நான்தாண்டா. நீ அப்ப வயித்துல' என்பார். மண்டப வாசலில் பளிங்குக் கல்லில் திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர். இன்னும் ஆயிரம் வருசம் கழித்து யாராவது அந்த மாடியைப் பார்த்து, இதை மனுசி தூக்கியிருக்க முடியாது என்று சொல்லக்கூடும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சேரியில் கோயில் திருப்பணிக்கும் அணைக்கும் பாலத்துக்கும் கல் சுமந்த கிழவன் கிழவி இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கட்டடம், எந்த வருசம், கூலி எவ்வளவு, சாப்பாடு எங்கே வைத்துக் கொடுத்தார்கள், வேலை முடிந்த பிறகு உள்ளே விட்டார்களா என்று கேட்டு எழுதுங்கள். மெரெர் எழுதின மாதிரி, நாள் போட்டு. கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அது எவன் வீட்டுச் சொத்தும் இல்லை. சுவாமி சகஜானந்தா 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கியது நம் பிள்ளைகள் படிக்கத்தானே.

அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும்போது, 'அந்தப் படத்தை விடுதியில எல்லாருக்கும் அனுப்பிட்டேனே மாமா' என்றான். அழிக்கச் சொல்லவில்லை நான். கூடவே தெற்கு வாசலைப் பற்றியும் எழுதி அனுப்பச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பாட்டியிடம் உட்கார்ந்து அந்த ரெண்டாவது மாடிக் கணக்கை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.