லிஃப்ட் கதவு மூடும்போது...

எங்கள் வகுப்பு ஐந்தாவது மாடியில். இரண்டு வருடமாக நான் படியேறித்தான் போகிறேன். "என்னடா, உடம்பைக் குறைக்கிறியா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மை என்னவென்றால், எனக்கு லிஃப்ட் என்றால் பயம்.

போன மாதம் முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சுமார் 60 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் படுக்க வேண்டும். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தி வெளியே வந்துவிட்டேன். பொய் சொல்லியே காலம் தள்ள முடியாது என்று அன்றுதான் உறைத்தது.

இதற்குப் பெயர் கிளாஸ்ட்ரோஃபோபியா. 1879-லேயே பெஞ்சமின் பால் என்ற மருத்துவர் இந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம், நகர முடியாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம், இரண்டும் சேர்ந்ததுதான் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

லிஃப்டில் காற்று வர வழி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, வேகவேகமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. உடனே மனசு "செத்தோம்" என்கிறது. அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் கொஞ்சம் அடங்கும்.

என்னைக் கேட்டால், பயத்துக்குத் தீனி போடுவதே அந்தப் படிக்கட்டுதான். ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் நிம்மதி வருகிறது. "ஒதுங்கியதால் பிழைத்தோம்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. மருத்துவர்கள் சொல்லும் வழி இதற்கு நேர்மாறானது: கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. முதலில் கதவு திறந்திருக்கும் லிஃப்டில் சும்மா நிற்பது, பிறகு துணையோடு ஒரு மாடி, பிறகு தனியாக. தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் மனநல மருத்துவரிடம் போகலாம். அதில் வெட்கம் எதற்கு?

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "பயம் தெளியட்டும்" என்று ஒருவரை உள்ளே தள்ளிக் கதவை மூடுவது வைத்தியம் இல்லை. என்னை ஒருமுறை அப்படித் தள்ளினார்கள், பயம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். வைத்தியத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரே வித்தியாசம், கதவைத் திறக்கும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

ஸ்கேனுக்கு மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். இப்போதைக்கு இரண்டாவது மாடி வரை லிஃப்ட், மீதி படிக்கட்டு. கூட வருகிறவர்கள் வரலாம். பொத்தான் பக்கத்தில் மட்டும் நான்தான் நிற்பேன்!