வெட்ட முடியுமா, முடியாதா?

பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். வெற்றிலையும் புகையிலையும் வாயை விட்டு இறங்கியதில்லை. முதலில் இட்லி நெஞ்சில் நின்றது. பிறகு சோறு. மூன்றாம் மாதம் கஞ்சியே இறங்கவில்லை. "கேஸ்தான்" என்று சென்னையிலிருந்து போனில் சொன்ன புத்திசாலி நான்தான். எண்டோஸ்கோப்பி செய்தபோது உணவுக்குழாயின் நடுவில் கட்டி. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் வகைப் புற்று.

சி.டி. படத்தைப் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனை, "ஆபரேஷன் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றது. அதே படத்தைப் பார்த்த இன்னொன்று, "நாளைக்கே அட்மிட் பண்ணுங்க, எடுத்துடலாம்" என்றது. என் சண்டை இரண்டு பேரோடும்தான்.

உணவுக்குழாயின் முன்னால் மூச்சுக்குழாய், ஒட்டினாற்போல பெருந்தமனி. கட்டி தமனியின் சுற்றளவில் 90 டிகிரிக்கு மேல் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே பரவியிருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். 45-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. பெரியப்பாவுக்கு இரண்டுக்கும் நடுவே. அதாவது அந்தப் படம் சொன்ன பதில் 'தெரியாது'. மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப்பி விட்டுப் பார்த்திருக்கலாம், எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்ட் செய்திருக்கலாம், வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பெட் ஸ்கேன் எடுத்திருக்கலாம். இருவருமே ஒன்றையும் கேட்கவில்லை. ஓ.பி.யில் கூட்டம் என்பார்கள். உண்மைதான். ஆனால் 'இன்னும் தெரியல' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

முதலில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்து, கட்டி சுருங்கியதா என்று மறுபடி படமெடுத்து, அப்புறம் கத்தியைப் பற்றி யோசிப்பது ஒரு வழி. 2012-இல் வெளியான நெதர்லாந்தின் 'கிராஸ்' ஆய்வில் 5 வாரம், 23 தடவை ரேடியேஷன், கூடவே வாரம் ஒரு கீமோ. பிறகு வெட்டியெடுத்த ஸ்குவாமஸ் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் உயிருள்ள புற்றணுவே இல்லை. அவர்கள் முதலிலேயே அறுவைக்குத் தகுதியானவர்கள், பெரியப்பா கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பிவிட இது காரணமாகாது. சுருங்காமல் போனால் ரேடியேஷனையே முழு அளவுக்குக் கொண்டுபோவதும் வைத்தியம்தான்.

வெட்டிவிட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கை எங்கள் ஊருக்கு இருக்கவே கூடாது. அண்ணாவுக்கு வந்ததும் உணவுக்குழாய்ப் புற்றுதான். 1968-இல் நியூயார்க்கில் பெரிய அறுவை செய்து திரும்பினார். 1969 பிப்ரவரி 3-இல் அடையாறில் காலமானார். காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தனியாருக்குக் கார் வைத்துப் போனோம், "கவர்மெண்டுல என்ன பார்ப்பாங்க" என்று. குற்றப்பட்டியலில் எங்கள் பெயரும் உண்டு.

கடைசியில் சென்னையில் ஓரிடத்தில் அறுவை, ரேடியேஷன், கீமோ மூன்று டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்கள். "இப்போ சொல்ல முடியாது. ட்ரீட்மெண்ட் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன் பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். 38 கிலோவுக்கு இளைத்த உடம்பு எதையும் தாங்காது என்று முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு ஏற்றினார்கள். முந்தைய இரண்டு இடத்திலும் யாரும் எடைகூடப் பார்க்கவில்லை.

அதுவரை நாங்கள் பெரியப்பாவிடம் அல்சர் என்றே சொல்லி வைத்திருந்தோம். வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "ஏன்டா தம்பி, அந்த டாக்டருங்க என்னையப் பார்த்துப் பேசுனாங்க. நீங்க ஏன்டா எல்லாரும் சுவத்தப் பார்த்தே பேசுறீங்க?"

சொன்னேன். முழுதையும், அந்தத் 'தெரியாது' உட்பட.

"ஸ்கேன் என்னைக்கு?" என்றார்.