கூலிக்கு வந்தோமா, வீட்டுக்கு வந்தோமா?

பரீட்சைக் காலம் நெருங்கும்போது நமது கோவில்களிலே ஒரு புதுமையைக் காணலாம். மாதா சுரூபத்தின் முன்னே எரியும் மெழுகுதிரிகள் பெருகும். வாரநாட் பூசையை அறியாத மாணவர்களும் விடியற்காலையில் வந்து முழந்தாளிடுவர். பேனையை ஆசீர்வதித்துத் தரும்படி குருவானவரிடம் நீட்டுவோரும் உளர். பரீட்சை முடிந்த மறுவாரமே அந்த வாங்குகள் மீண்டும் வெறுமையாகிவிடும்.

இதனைக் கூறிப் பிள்ளைகளைக் குறைசொல்வது நமது நோக்கமன்று. அவர்களுக்கு இவ்வழியைக் காட்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே. நோய் தீர வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும், மகன் வெளிநாடு போய்ச் சேர வேண்டும் என்று நேர்த்தி வைத்து மடுத் திருப்பதிக்குச் செல்பவர்கள் நாம். போகாவிட்டால் அயலவர் என்ன நினைப்பார்களோ என்பதற்காகவும் கோவிலுக்குப் போகின்றோம். பாடற் குழுவில் நமது குரல் தனித்துக் கேட்க வேண்டும் என்பதற்காகவும் போகின்றோம். நரகத்துக்கு அஞ்சியும் போகின்றோம். வெறும் பழக்கத்தினாலும் போகின்றோம்.

எப்படியோ போகின்றோமே, அதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். பரீட்சையில் தவறிய ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு காலை தாய் அவனை எழுப்புகின்றாள்.

"எழும்பு தம்பி, பூசைக்கு நேரமாகுது."

"போன வருஷம் முழுக்க வந்தனான்தானே அம்மா, என்ன கிடைச்சது?"

தாயிடம் விடையில்லை. ஏனெனில், கேட்டால் கிடைக்கும் என்ற ஒன்றையே பக்தியென்று நாம் அவனுக்குப் புகட்டியிருந்தோம். அவன் கேட்டான், கிடைக்கவில்லை. ஆகவே கணக்கை முடித்துக் கொண்டான். கடவுள் இல்லை என்றோ, இருந்தும் தன்னை விரும்பவில்லை என்றோ அவன் எண்ணத் தொடங்கினால், அந்தப் பிழையில் நமக்கும் பங்குண்டு.

யோபுவின் ஆகமம் இதே பிரச்சினையுடனேயே தொடங்குகின்றது. யோபு பக்தர், பெருஞ் செல்வருங்கூட. அவருடைய பக்திக்குக் காரணம் அவர் பெற்ற செல்வமேயன்றி வேறில்லை என்று சாத்தான் வாதிடுகின்றான். பின்னர் மந்தைகளும் பிள்ளைகளும் உடல்நலமும் ஒவ்வொன்றாய்ப் போகின்றன. யோபு புலம்புகின்றார், தாம் பிறந்த நாளைச் சபிக்கின்றார், கடவுளோடு வழக்காடுகின்றார். ஆயினும் அவரைக் கைவிட்டுப் போகவில்லை. சாத்தானின் வாதம் அங்கே தோற்றது. நமது வீட்டிலே அது வென்றுவிடலாமா?

12ஆம் நூற்றாண்டிலே பிரான்ஸ் நாட்டுக் கிளேர்வோ மடத்தின் அதிபராயிருந்த புனித பேர்னாட், இறையன்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கடவுளை நாடுவோரை அவர் மூவகையினராகக் காண்கின்றார். தண்டனைக்கு அஞ்சுபவன் அடிமை. பலனை விரும்புபவன் கூலியாள். தந்தை என்பதற்காகவே தந்தையைப் போற்றுபவன் மகன். நம்மை நாமே சோதித்தால், நம்மிற் பலர் முதலிரண்டு வகையிலேயே நிற்கக் காண்போம். ஆனால் அம்முனிவர் நம்மைத் துரத்தவில்லை. மனிதன் முதலிலே தன் தேவைக்காகவே கடவுளிடம் போகின்றான். துன்பத்தில் அடிக்கடி போய்ப் பழகும்போது அவருடைய இனிமையைச் சுவைக்கின்றான். அதன்பின் அவருக்காகவே அவரை நாடுகின்றான் என்று படிப்படியாக விளக்குகின்றார்.

இதனை மனத்திற்கொண்டு, லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்திலுள்ள ஊதாரி மைந்தனின் கதையை மீண்டும் நோக்குவோம். இளையவன் வீடு திரும்பியது எதனால்? தந்தைமேல் எழுந்த பாசத்தினால் என்று நாம் எண்ணுவதுண்டு. அவனை முதலிலே எழுப்பியது பசி. தந்தையின் கூலியாட்களுக்கு நிறைய உணவிருக்கத் தான் பட்டினியால் மடிவதா என்ற நினைவே அவனை நடக்கச் செய்தது. தன்னையும் ஒரு கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்கவே அவன் வந்தான். தந்தையோ தூரத்திற் கண்டதும் ஓடிச் சென்று கட்டித் தழுவினார். கூலியைப் பற்றிய பேச்சு அவன் வாயினின்று வருமுன்னரே, மகனுக்குரிய ஆடையையும் மோதிரத்தையும் கொண்டுவரப் பணித்தார்.

மூத்தவன் ஒருநாளும் வீட்டைவிட்டு நீங்காதவன். ஆனால், கோபம் வந்தபோது அவன் சொன்னது என்ன? இத்தனை ஆண்டு உழைத்தும், நண்பரோடு விருந்துண்ண ஓர் ஆட்டுக்குட்டிதானும் தனக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கையே சொன்னான். கூலியாளாக வந்தவன் மகனாக உள்ளே இருந்தான். மகனாக இருந்தவன் கூலியாளைப் போல வெளியே நின்றான். அவனையும் வருந்தி அழைக்கத் தந்தையே வெளியில் வந்தார்.

ஆகவே, நமது எண்ணம் தூய்மையாகும் வரை கோவிலுக்குப் போகாதிருப்போம் என்பது அறிவுடைமையாகாது. பசியோடு போவதில் வெட்கமில்லை. அன்றாட உணவைக் கேட்கும்படி யேசுநாதரே தம் சீடருக்குக் கற்பித்தார். கேட்டது கிடைத்தபின் நன்றி சொல்ல ஒரு நாளாவது போனோமா? கிடையாதபோதும் போனோமா? ஒருவரும் காணாத வேளையிலும் அவரோடு பேசுகின்றோமா? இம்மூன்றையும் இன்றிரவு உறங்குமுன் நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம்.

இனி அந்தத் தாய் தன் மகனுக்கு என்ன சொல்லலாம்? "பெறுபேறு வந்த அண்டைக்கும் நீ என்ர பிள்ளைதான். அண்டைக்கும் உனக்குச் சோறு போட்டனான். ஆண்டவரும் அப்பிடித்தான், வா" என்று சொல்லலாம். ஆனால், அந்த நாளிலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது இருந்திருந்தாலன்றி, அச்சொல் அவன் நெஞ்சிலே பதியாது. தந்தையாகிய கடவுளைப் பிள்ளைகள் முதன்முதலிற் காண்பது பெற்றோராகிய நமது முகத்திலேயே.