பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் பணப்பெட்டி!

2021 ஜனவரி 12. பிளேஸ்டேஷன் 5 என்ற வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கு இந்தியாவில் முன்பதிவு திறந்தார்கள். விலை 49,990 ரூபாய். சில நிமிடங்களில் அத்தனையும் தீர்ந்தது! கிடைக்காத சீமான் வீட்டுப் பிள்ளைகள் பரிதவித்தார்கள். முந்திக்கொண்டவர்களில் சிலர் கள்ளமார்க்கெட்டில் கூடுதல் விலைக்கு விற்றார்கள். அரிசியைப் பதுக்கியவனின் வாரிசு இன்று பொம்மையைப் பதுக்குகிறான்!

அதே நாட்களில் சீர்காழி வட்டாரத்தில் என்ன நடந்தது? அறுவடைக்கு நின்ற சம்பா நெல் பருவம் தப்பிய மழையில் சாய்ந்து அழுகியது. டில்லி எல்லையில் விவசாயிகள் கடுங்குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

தோழர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். அப்போது நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாட்கூலி 256 ரூபாய். ஒரு பெட்டி வாங்க 196 நாட்கள் மண் வெட்ட வேண்டும். அதாவது, ஒரு பிடி அரிசிகூட வாங்காமல் இரண்டு வருஷக் கூலி! 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டிச் சீர்காழி மூழ்கியபோது, குடும்ப அட்டைக்குக் கிடைத்த நிவாரணம் 1,000 ரூபாய். ஐம்பது குடும்பங்களின் நிவாரணம் ஒரே ஒரு விளையாட்டுப் பெட்டி!

“பணம் உள்ளவன் வாங்குகிறான், உனக்கேன் வயிற்றெரிச்சல்?” என்பார்கள் கனதனவான்கள். அந்தப் பெட்டியைச் செய்தவன் யார் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள்!

செய்த கை எது?

2012 ஜனவரியில் சீனாவின் வூஹான் நகரில், எக்ஸ்பாக்ஸ் பெட்டி தயாரித்த பாக்ஸ்கான் தொழிலாளர்கள் ஆலைக் கூரைமீது ஏறி நின்று, நியாயம் கிடைக்காவிட்டால் குதிப்போம் என்றார்கள். 2013-இல் அதே கம்பெனியின் யான்டாய் ஆலையில், பயிற்சி என்ற பெயரால் மாணவர்களை இரவு வேலைக்கும் ஓவர்டைமுக்கும் விரட்டினார்கள். விதி மீறப்பட்டதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஒரு மாணவன் தூங்காமல் செய்தான். இன்னொரு மாணவன் தூங்காமல் ஆடினான். இரண்டு தூக்கமும் முதலாளிக்கே லாபம்!

குடிசைக்குள் வந்த கதை

பெட்டி நம் வீட்டுக்கு வராது. ஆனால் செல்போன் வந்துவிட்டது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. போனில்தான் பாடம் என்றார்கள். தாய் வட்டிக்கு வாங்கிப் போன் வாங்கினாள். பாடத்தோடு பப்ஜியும் பிரீ ஃபயரும் சேர்ந்தே வந்தன. நுழைய இலவசம்! நுழைந்த பிறகு துப்பாக்கிக்கு வர்ணம், வீரனுக்குச் சட்டை, வைரம் – எல்லாவற்றுக்கும் காசு. இருவரும் நடவுக்கோ மில்லுக்கோ போய்விட்ட வீட்டில், தனித்திருக்கும் பிள்ளைக்கு வேறு துணை எது?

இந்த மோகத்தின் கடைசிப் படி சூதாட்டம். ஆன்லைன் ரம்மியைத் தடுக்க 2022-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. கவர்னர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மி திறமை விளையாட்டு என்று சொல்லி அந்தத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. உடனே கம்பெனி கோர்ட்டுப் படி ஏறியது! கூலி பாக்கிக்காக நாம் கோர்ட்டுக்குப் போனால் இத்தனை வேகம் உண்டா?

நாம் விளையாட்டின் விரோதிகளா?

இல்லவே இல்லை! கபடியும் சிலம்பமும் நம் சேரியிலும் தெருவிலும் வளர்ந்தவை. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை. உழைப்பவன் பிள்ளைக்கு விளையாட்டு உரிமை. அந்த ஓய்வையும் சரக்காக்கி, நிமிஷக் கணக்கில் விற்கும் லாப வேட்டையைத்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே, பிள்ளையை அடிக்காதீர்கள். போனை உடைக்காதீர்கள். பஞ்சாயத்தைக் கேளுங்கள்: ஊருக்கொரு விளையாட்டுத் திடல் எங்கே? பூட்டிக் கிடக்கும் நூலகம் எப்போது திறக்கும்? சங்கக் கூட்டத்தில் கூலியோடு இதையும் கோரிக்கையாக வையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், வாலிபத் தோழர்கள் பிள்ளைகளைத் திரட்டி ஆட வையுங்கள், படிக்க வையுங்கள்.

சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டிய செங்கொடி பறக்கும் மண் இது. நம் கையிலிருந்த விலங்கை ஒடித்தோம். நம் பிள்ளைகளின் கண்ணுக்குப் பூட்டும் விலங்கையும் ஒடிப்போம்!